மரத்த பாதமும் சிதையும் எலும்பும்: வட ஆர்க்காட்டுத் தொழுநோய் மருத்துவத்தில் எலும்புக் கட்டமைப்பு ஆய்வு (1946–1966)

ஆய்வுச் சுருக்கம்

தொழுநோயில் கை, கால் எலும்புகள் குறைவது நோயின் நேரடி விளைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1946 முதல் 1966 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் நடைபெற்ற ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. எலும்பு தன் வடிவைக் காத்துக்கொள்ள உணர்வு நரம்பின் காவல் தேவை என்பதை அவை நிறுவின. இந்த வரலாறு பெரும்பாலும் கை அறுவை மருத்துவத்தின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. பாதம், ஊடுகதிர்ப்படம், நோய்க்கூற்றியல், செருப்பு ஆகியவற்றின் வழியே அதனை மீண்டும் வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எலும்பு மண்டலம், தொழுநோய், வேலூர், கரிகிரி, பாத வளைவு, தோல் தொழில், காலணி

முன்னுரை

எலும்பு மண்டலத்தைப் பற்றிய பள்ளிப் பாடம் எண்ணிக்கையில் தொடங்கும். வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள். மண்டையோடு, முதுகெலும்புத் தொடர், மார்புக்கூடு ஆகியவற்றாலான அச்சுச் சட்டகத்தில் 80. தோள், இடுப்பு வளையங்களும் கைகால்களும் அடங்கிய இணையுறுப்புச் சட்டகத்தில் 126. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த 126 எலும்புகள் எங்கே குவிந்துள்ளன என்று பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. ஒரு கையில் மணிக்கட்டு எலும்புகள் 8, உள்ளங்கை எலும்புகள் 5, விரல் எலும்புகள் 14. ஒரு பாதத்தில் கணுக்கால் எலும்புகள் 7, நடுப்பாத எலும்புகள் 5, விரல் எலும்புகள் 14. இரு கைகளுக்கும் இரு பாதங்களுக்குமாக 106 எலும்புகள். உடலின் எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் அப்பால் உள்ளன. தொழுநோய் முடமாக்குவதும் பெரும்பாலும் இந்தப் பாதியைத்தான்.

எனவே தொழுநோயாளியின் கையும் காலும் எவ்வாறு குறைகின்றன என்ற கேள்வி, எலும்பு மண்டலம் எதனால் நிலைபெற்றிருக்கிறது என்ற கேள்வியின் மறுபக்கமாகிறது. இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த தெளிவான விடைகளில் ஒன்று பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் உருவாயிற்று. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழிற்பகுதியின் நடுவில் அது உருவானதும், இறுதியில் அவ்விடை ஒரு செருப்பாக வடிவம் பெற்றதும் கவனத்திற்குரியவை.

என்பும் அங்காதிபாதமும்

தமிழ் மரபில் எலும்பு தனித்து நிற்கும் பொருளன்று. சித்த மருத்துவம் உடலின் ஏழு தாதுக்களாகச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்பவற்றைக் கூறும். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஊட்டம் பெறுகிறது. குறளின் அன்புடைமை அதிகாரம் அன்பற்றவரின் உடலை எலும்பின்மேல் போர்த்திய தோலாகவே காண்கிறது. உயிரின் தொடர்பு அறுந்தால் எலும்பு வெறும் சட்டம் என்பது அதன் உட்பொருள். இவற்றை நவீன உடலியங்கியலின் முன்னறிவிப்பாகக் காட்டும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. எலும்பை உயிருள்ள பொருளாக நினைக்கும் சொல்வளம் தமிழில் முன்பே இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

எலும்பை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு எண்ணும் முறை தமிழில் விரிவாக எழுதப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில். 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் மாணவர்களுடன் சேர்ந்து மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் வந்தது. உடலை அங்கம் முதல் பாதம் வரை வரிசைப்படுத்துவது என்னும் பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது. பிணக்கூடத்தில் கிடத்திய உடலுக்கு அது பொருத்தமான பெயர்தான். நடக்கிற, சுமக்கிற, காயம்படுகிற உடலின் எலும்பு அந்த வரிசையில் அடங்குமா என்பதே பின்னர் வேலூரில் எழுந்த கேள்வி.

விரல் உதிர்கிறதா?

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் 1942இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1946இல் அங்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்து இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். அவரை வரவழைத்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்ட் சென்றபோது, மடங்கிய விரல்களையும் குறைந்த பாதங்களையும் எந்த எலும்பு மருத்துவரும் ஏன் ஆராயவில்லை என்று கேட்டதாகவும், அக்கேள்வியைக் காக்ரேன் அவரிடமே திருப்பியதாகவும் பின்னாளைய நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன.

ஆராயாததற்குக் காரணம் இருந்தது. தொழுநோயில் சதை அழுகும், விரல் உதிரும் என்ற நம்பிக்கை பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவர்களிடமும் இருந்தது. தானே அழுகப்போகும் உறுப்பில் அறுவை செய்து என்ன பயன்? தமிழ்ச் சமூகத்தில் இந்நம்பிக்கை அறத்தண்டனைக் கருத்துடன் பிணைந்திருந்தது. 1954இல் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படத்தில் எம். ஆர். ராதா நடித்த நாயகனுக்குத் தொழுநோய் வருவது அவனது ஒழுக்கக்கேட்டின் விளைவாகவே காட்டப்படுகிறது. சமூகச் சீர்திருத்த நோக்குடைய படைப்பு ஒன்றே இந்நோயைத் தண்டனையாகக் கையாண்டது என்பது அன்றைய பொதுப்புத்தியின் அளவைக் காட்டுகிறது. அதே ஆண்டுகளில் வேலூரில் வேறொரு விளக்கம் உருவாகிக்கொண்டிருந்தது.

விரல் உதிர்வதில்லை என்பதற்கான சான்று நோயாளியின் கையிலேயே இருந்தது. நெடுநாள் நோயில் குறுகிக் கட்டையாகிவிட்ட விரலின் நுனியில் சிறிய நகம் எஞ்சியிருப்பதைக் காணலாம். விரல் நுனியிலிருந்து உதிர்ந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது நகம். நகம் இருக்க, உள்ளிருக்கும் எலும்பு குறைந்திருக்கிறது. அப்படியானால் எலும்பு எங்கே போயிற்று?

எலும்பு கல்லன்று. அதனை உறிஞ்சும் செல்களும் ஆக்கும் செல்களும் வாழ்நாள் முழுவதும் அருகருகே இயங்குகின்றன. சுமை விழும் திசைக்கேற்ப எலும்பின் உள்ளமைப்பு திருத்தியமைகிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் உல்ஃப் 1892இலேயே விதியாக எழுதினார். சுமை இல்லாவிடில் எலும்பு மெலியும். காயமும் சீழும் சூழ்ந்தால் உறிஞ்சுதல் மிகும். ஆகவே விரல் எலும்பு உடலுக்குள்ளேயே கரைந்து உறிஞ்சப்படுகிறது. சில வேளைகளில் சீழ்ப்புண் வழியே இறந்த எலும்புத் துண்டுகள் வெளியேறுகின்றன. இதைத் தூண்டுவது எது என்பதே மீதிக் கேள்வி.

கையின் விடை

1873இல் ஹேன்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தாக்குவது. முழங்கையின் உட்புறம், மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம் ஆகிய இடங்களில் நரம்பு தடிக்கிறது. அதற்குக் கீழே உணர்வும் சிறு தசைகளின் இயக்கமும் அற்றுப்போகின்றன. முன்கையின் பல தசைகள் நலமாகவே இருக்கின்றன. நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்துப் பதிந்தபோது இந்த ஒழுங்கு தெளிவாயிற்று. நலமாயுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்கு மாற்றிப் பொருத்தலாம் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. முதல் அறுவை 1948இல் நடந்தது. 1952இல் லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் பிராண்ட் ஆற்றிய ஹண்டர் நினைவுச் சொற்பொழிவின் பொருள் இதுதான்.

அறுவை செய்த கை மற்றவர் கையைப் போலவே ஆறியது. அதைவிடத் தெளிவான சான்று வேறெதுவும் தேவைப்படவில்லை: சதை அழுகும் சதையன்று. ஆனால் ஆறிய கையுடன் ஊர் திரும்பியவர்கள் புதிய காயங்களுடன் வந்தனர். 1951இல் கல்லூரி வளாகத்தில் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தங்கித் தொழில் கற்றபோது, காயங்களின் காரணத்தை ஒவ்வொன்றாகத் தேட முடிந்தது. பிராண்ட் பிலிப் யான்சியுடன் எழுதி 1993இல் வெளியான நினைவு நூலில் இரு நிகழ்ச்சிகள் வருகின்றன. துருப்பிடித்த பூட்டைத் தாம் திறக்க இயலாதபோது ஒரு சிறுவன் எளிதாகத் திறந்தான்; சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. இரவில் விரல் நுனி காணாமற் போவதன் காரணத்தைக் காவலிருந்து பார்த்தபோது எலிகள் கடித்தது தெரியவந்தது. அதன்பின் பூனை வளர்ப்பது நடைமுறையாயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனையும் ஒரு தடுப்புக் கருவியாக இடம்பெற்றது இங்கேதான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இதே காலத்தில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். பின்னர் வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவியவரும் அவரே. அவருக்குத் தனி வரலாறு உண்டு. இங்கே அதனுள் செல்லவில்லை.

பரவலாக வாசிக்கப்பட்ட வரலாறு இந்தக் கைகளோடு நின்றுவிடுகிறது. டோரதி கிளார்க் வில்சன் 1965இல் எழுதிய பிராண்டின் வாழ்க்கை வரலாற்றின் தலைப்பே ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’. பத்து விரல்கள் என்பது கைவிரல்களைத்தான் குறிக்கிறது. கால்விரல்கள் தலைப்பில் இல்லை.

ஊடுகதிர்ப்படமும் நுண்ணோக்கியும்

எலும்பு குறைவதை எலும்பிலேயே தேடிய பணி வேறு இருவருடையது. வேலூரின் ஊடுகதிர் மருத்துவர் டி. இ. பேட்டர்சன், தொழுநோயாளிகளின் கைகால் எலும்புகளைப் படமெடுத்ததோடு இரத்தக் குழாய்களையும் படமெடுத்துச் சோதித்து 1955இல் எழுதினார். 1961இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு எலும்பு மாற்றங்களின் நிகழ்வு, வளர்ச்சி, தடுப்பு, நிறுத்தம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கூறுகிறது. எலும்புக் குறைவைத் தடுக்கலாம், நிறுத்தலாம் என்று ஒரு கட்டுரையின் தலைப்பே சொல்வது, பத்தாண்டுகளுக்கு முன் எண்ணிப் பார்க்க இயலாதது. நோய்க்கூற்றியலாளர் சி. கே. ஜாப், தொழுநோய் எலும்பழற்சியின் திசுக்கூறுகளை ஆராய்ந்து 1963இல் எழுதினார். இருவரும் இணைந்து எழுதிய இயல், காக்ரேனும் டேவியும் பதிப்பித்து 1964இல் வந்த தொழுநோய்ப் பெருநூலில் இடம்பெற்றது.

இவ்வாய்வுகளின் சாரம் ஒரு பகுப்பு. கிருமியே எலும்பினுள் புகுந்து உண்டாக்கும் மாற்றங்கள் ஒரு வகை: விரல் எலும்புகளின் முனையில் சிறு குழிகள், மூக்கெலும்பின் சிதைவு. இவை நோய்க்கே உரியவை. மற்றவை மரத்துப்போன உறுப்பில் படும் காயம், அதில் ஏறும் சீழ், இயக்கமின்மை ஆகியவற்றால் வருபவை. உறுப்பை உருக்குலைக்கும் பெருஞ்சேதம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நடுப்பாத எலும்பு ஊடுகதிர்ப்படத்தில் சீவிய பென்சில் போலக் கூர்ந்து மெலிவது இவ்வகைக்கு உரிய காட்சி. முதல் வகைக்கு மருந்து வேண்டும். இரண்டாம் வகைக்கு மருந்தால் மட்டும் பயனில்லை. கிருமி ஒழிந்த பின்னும் எலும்பு குறைந்துகொண்டே போகும், ஏனெனில் இறந்த நரம்பு திரும்புவதில்லை.

இங்கே டென்மார்க்கை ஒப்பிடுவது பயன்தரும். வில்ஹெல்ம் மோலர்-கிறிஸ்டென்சன் என்னும் டேனிய மருத்துவர், நெஸ்ட்வெட் நகரில் இடைக்காலத் தொழுநோய் இல்லத்தின் இடுகாட்டை அகழ்ந்து, மேல்தாடையின் முன்பகுதியும் மூக்கின் முள்ளெலும்பும் கரைவதைத் தொழுநோயின் அடையாளமாக வரையறுத்தார். தொழுநோய் எலும்பு மாற்றங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததும் 1961இல்தான். இராஜஸ்தானின் பாலாத்தலில் கிடைத்த ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையுடைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடயம் உண்டென்று 2009இல் ஆய்வாளர்கள் கூற முடிந்ததும் இத்தகைய அளவுகோல்களால்தான். இடுகாட்டு எலும்பு கதை முடிந்த எலும்பு. அதில் இறுதி நிலையை மட்டுமே காணலாம். வேலூரின் எலும்பு ஆறு மாதம் கழித்து மீண்டும் படமெடுக்க வரக்கூடியது. குறைதல் எப்போது தொடங்குகிறது, எதனால் விரைகிறது, எதனால் நிற்கிறது என்று கேட்பதற்கு உயிருள்ளவரின் பாதம் தேவைப்பட்டது.

பாதம்: வளைவும் தூண்களும்

1955இல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் களப்பணி குடியாத்தம் வட்டத்தில் நடந்தது. அன்றைய அவ்வட்டம் தோல் ஊரான பேரணாம்பட்டையும் உள்ளடக்கியது. கரிகிரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் வயலிலும் கூலி வேலையிலும் நடந்தவர்கள். அவர்களுக்குக் கையைவிடப் பாதமே அவசரமான துன்பமாக இருந்தது. மடங்கிய விரலுடன் வேலை செய்யலாம், புண்பட்ட பாதத்துடன் வேலைக்குப் போக முடியாது.

பாதத்தின் 26 எலும்புகள் அடுக்கிவைத்த கற்களைப் போல ஒரு வளைவை அமைக்கின்றன. பின்னே குதிகால் எலும்பு ஒரு தூண். உச்சியில், கீழ்க்காலின் சுமையை ஏற்று முன்னும் பின்னும் பகிர்ந்தளிக்கும் கணு எலும்பு. முன்னே உட்புறமாகப் படகு எலும்பும் ஆப்பு எலும்புகளும் நடுப்பாத எலும்புகளும்; வெளிப்புறமாகக் கனசதுர எலும்பு. பாலத்தின் வளைவில் கற்களை இறுக்குவது சுமைதான். பாதத்திலோ கற்களைச் சேர்த்துக் கட்டுபவை தசைநார்களும் தசைகளும், அவற்றுக்கு ஆணையிடுபவை நரம்புகளும். நலமான மனிதன் ஒரு கல்லின்மேல் மிதித்த கணத்தில் சுமையை மாற்றுகிறான். நெடுந்தூரம் நடந்தால் தன்னையறியாமல் நடையை மாற்றுகிறான், சுளுக்கினால் நொண்டுகிறான். நொண்டுதல் என்பது எலும்புக்குத் தரப்படும் ஓய்வு. உணர்வற்ற பாதம் நொண்டாது.

ஜே. ஆர். ஹாரிசும் பிராண்டும் 1966இல் எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழின் பிரித்தானியப் பதிப்பில் எழுதிய கட்டுரை, உணர்வற்ற பாதத்தில் கணுக்கால் எலும்புத் தொகுதி கலையும் முறைகளை வகைப்படுத்தியது. அவர்கள் கண்ட ஐந்து முறைகளும் சிதைவு தொடங்கும் இடத்தால் பெயர் பெற்றவை: பின்தூணாகிய குதிகால் எலும்பு, நடுவில் கணு எலும்பின் உடற்பகுதி, முன்தூணின் உள்வளைவு, முன்தூணின் வெளிவளைவு, ஆப்பு எலும்புகளும் நடுப்பாத எலும்புகளின் அடியும் சேரும் இடம். இப்பெயர்கள் கட்டடக்கலையின் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்காதிபாதத்தில் ஒவ்வோர் எலும்பும் தன் வடிவால் பெயர் பெற்றது. இங்கே பெயர் பெறுவது எலும்பு சுமக்கும் கடமை. பாதம் கிருமியால் கண்டபடி அரிக்கப்படுவதில்லை. சுமை செல்லும் பாதையில், வளைவு எங்கே முதலில் விட்டுக்கொடுக்கிறதோ அங்கே தொடங்கி, அந்த இடத்துக்குரிய ஒழுங்கோடு கலைகிறது.

உணர்வற்ற மூட்டு சிதைவதை வேறு நோயில் 1868இலேயே விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ. எனவே செய்தி முற்றிலும் புதியதன்று. கரிகிரி ஆய்வின் தனித்தன்மை, சிதைவின் தொடக்கத்தைப் பிடிக்க முயன்றதில் இருக்கிறது. பாதத்தில் திடீரென ஒரு வீக்கம். தொட்டால் மற்றப் பாதத்தைவிடச் சூடு. நோயாளிக்கோ ஒரு குறையும் தெரியாது. உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது. வலித்திருந்தால் அன்றே மாவுக்கட்டுப் போட்டிருப்பார்கள். வலி இல்லாததால் அவர் அதன்மேல் நடந்தே மருத்துவமனைக்கு வருகிறார். இந்தப் பாதத்தை முறிவாகவே கருதி அசையாமல் கட்டினால் எலும்பு கூடும் என்பதே பரிந்துரை.

அதில் ஒரு முரண் உண்டு. மாவுக்கட்டுக்குள் ஓய்ந்திருக்கும் எலும்பு உல்ஃபின் விதிப்படி மெலிகிறது. கட்டைப் பிரித்ததும் நலமானவர் மெதுவாக, அஞ்சியஞ்சி நடப்பார். வலி அவரைப் பயிற்றும். உணர்வற்றவர் முதல் நாளே முழுச் சுமையுடன் நடந்துவிடுவார். மெலிந்த எலும்பு நொறுங்கும். ஆகவே கட்டுப் பிரித்த பின் நடையை நாளுக்கு நாள் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. வலி செய்யும் வேலையைக் கடிகாரமும் மருத்துவப் பணியாளரின் கையும் செய்தன.

மாவுக்கட்டால் பாதப் புண்ணை ஆற்றும் முறைக்கும் தமிழ் உலகத் தொடர்பு ஒன்று உண்டு. 1930களில் இலங்கையில் தொழுநோயாளிகளுக்கு இதனைச் செய்தவர் கொழும்பு அறுவை மருத்துவர் மில்ராய் பால்; இந்தியாவில் 1939இல் ஜோசப் கான் எழுதினார். கட்டோடே நடக்கவிட்டபோதும் புண் ஆறியது. சுமை ஒரே புள்ளியில் விழாமல் பாதம் முழுவதும் பரவியதே காரணம். பின்னர் பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குச் சென்றபோது இம்முறை அங்கே நீரிழிவுப் பாதத்துக்கும் உரியதாயிற்று. அதன் பெயர் வரலாற்றில் அமெரிக்கா பெரிதாகத் தெரிகிறது. கொழும்பும் வேலூரும் அடிக்குறிப்பாகிவிட்டன.

தோல்

கட்டுப் பிரித்த பாதம் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதன் எலும்பைக் காக்கும் பொறுப்பு இனிக் காலணியுடையது. தோல் தொழிற்பகுதியில் காலணி கிடைப்பதற்கு என்ன தடை என்று தோன்றலாம். பேரணாம்பட்டில் தோல் ஷாப்பு வேலைக்குப் போன என் தாத்தா, தம் வாழ்நாளில் பெரும்பகுதி செருப்பு அணிந்தவரல்லர். இங்கே ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் கப்பலேறியது. அதை மிதித்துக் கழுவியவர் கால் வெறுங்காலாகவே இருந்தது. இதைத் தனிமனிதர் கதையாகச் சொல்லவில்லை. அப்பகுதியில் வளர்ந்த எவரும் அறிந்த நிலை இது.

சந்தையில் கிடைத்த செருப்பும் மரத்த பாதத்துக்கு உதவவில்லை. வெயிலிலும் ஈரத்திலும் தோல் அடிப்பாகம் கெட்டிப்பட்டு விளிம்பு சுருளும், அதுவே புண்ணாக்கும். அடியில் அடித்த ஆணி மேலெழுந்து குத்தினால் அணிந்தவர் அறியமாட்டார். பின்வார் இல்லாத செருப்பைக் காலில் நிறுத்த விரல்களால் பற்ற வேண்டும். விரல் தசைகள் செயலிழந்தவருக்குச் செருப்பு வழியிலேயே கழன்றுபோகும், அதுவும் தெரியாது. ஆகவே கரிகிரி வழியில் உருவான செருப்பின் இலக்கணம் வேறு: ஆணி கூடாது, தைத்தோ ஒட்டியோ முடிக்க வேண்டும்; பின்வார் கட்டாயம்; உள்ளடியில் நுண்ணறைகள் நிறைந்த மென்ரப்பர், வெளியடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாத கடினரப்பர்; முன்பாதம் மடங்கக் கூடாதவருக்கு வளையாத, முன்முனை சற்றே மேலெழுந்த அடி. மென்ரப்பர் அமுங்கும்போது பாதத்தின் மேடுபள்ளத்துக்கேற்பச் சுமை பரவும். மாவுக்கட்டு செய்ததையே நடமாடும் பொருளாகச் செய்வதே நோக்கம்.

தோலும் எலும்பும் இவ்வளவு நெருங்கியவை என்பதை வேதியியலும் கூறுகிறது. தோல் பதனிடுபவர் சுண்ணாம்புக் குழியில் மயிரையும் சதையையும் நீக்கியபின் எஞ்சுவது கொலாஜன் என்னும் புரத இழைவலை. பட்டைச் சாறோ குரோமியமோ அந்த இழைகளைப் பிணைத்து அழுகாமற் செய்கிறது. எலும்பிலும் அதே வகைக் கொலாஜன்தான் அடிப்படை. அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்து கடினமாகின்றன. எலும்பை அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தை நீக்கினால் அது தோல்வாரைப் போல வளைவதைக் கல்லூரி ஆய்வகங்களில் காட்டுவதுண்டு. இந்த இழையின் முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தது 1954இல். அவர்களுக்கு மாதிரி தந்து உதவியது, 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். எலும்பின் அடிப்படை இழை பற்றிய அறிவு தோல் ஆய்வின் வழியே வந்ததும், எலும்பைக் காக்கும் முறை செருப்பின் வழியே வந்ததும் ஒரே பத்தாண்டில், ஒரே மாநிலத்தில்.

இரண்டுக்கும் கிடைத்த மதிப்பு ஒன்றல்ல. ஹாரிஸ்–பிராண்ட் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இரு மருத்துவர்கள் இருக்கிறார்கள். பேட்டர்சன், ஜாப் ஆகியோரின் எழுத்துகளிலும் அப்படியே. ஆனால் அக்கட்டுரைகள் காக்க விரும்பிய எலும்பை நடைமுறையில் காத்தது, அடிப்பாகம் வெட்டி வார் கோத்தவரின் கைத்திறன். ஒருவருடைய பாதத்தில் எந்த எலும்பு துருத்துகிறது என்று தடவிப் பார்த்து அந்த இடத்தில் பள்ளம் கொடுக்கும் செருப்புத் தொழிலாளி, ஊடுகதிர்ப்படம் சொல்லும் செய்தியை விரலால் படிக்கிறார். நோயால் ஒதுக்கப்பட்டவரின் பாதத்தை, சாதியால் ஒதுக்கப்பட்ட தொழிலின் அறிவு தொட்டது என்பதே இவ்வரலாற்றின் எழுதப்படாத பகுதி. அறுவை மருத்துவரைத் தனி நாயகராக்கும் வாழ்க்கை வரலாறுகள் இதனை மறைக்கின்றன என்று சொல்வதில் பிராண்டுக்கு எந்தக் குறையும் இல்லை. காலணியின் முதன்மையை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் அவரே.

செருப்புக்கும் ஒரு துன்பம் இருந்தது. ஊரில் எவர் காலிலும் இல்லாத கருநிற மென்ரப்பர் செருப்பு, அணிந்தவரின் நோயை அறிவித்தது. எலும்பைக் காத்தது, அதை அணிந்தவரை இனங்காட்டியது. பலர் மருத்துவமனை வாயில்வரை அணிந்து, ஊர் எல்லையில் கழற்றிவிடுவது தொழுநோய்ப் பணியாளர் நன்கறிந்த செய்தி. கழற்றிய நாட்களின் நடை அடுத்த ஊடுகதிர்ப்படத்தில் தெரியும். தோற்றத்தில் மற்றச் செருப்பைப் போலவே இருக்குமாறு வடிவமைப்பது பின்னர் தனி முயற்சியாயிற்று.

2005 இறுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டி, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக இந்தியா அறிவித்தது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற விதி தனிநபர் சட்டங்களிலிருந்து 2019இல்தான் நீக்கப்பட்டது. விரல் உதிரவில்லை என்று வேலூரில் கண்டு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின். அதே 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. ஆம்பூரின் தொழிற்கூடங்கள் இன்று அயல்நாடுகளுக்குக் காலணி தைக்கின்றன. நுண்ணறை ரப்பர் உள்ளடியும் பின்வாரும் கொண்ட செருப்பு இப்போது நீரிழிவு மருத்துவமனைகளில் விற்கப்படுகிறது. அதை வாங்குவோர் பலருக்கும் அது முதலில் யாருடைய பாதத்துக்காகத் தைக்கப்பட்டது என்பது தெரியாது.